ஸ்காட்லாந்தில் மகள் வீட்டுப் பக்கம் ஆட்டக் கிளப்: வருசம் பூரா என்ன நடக்கும்? ஆறு மாசத்துக்குச் சேரலாமா?

பாளை வாத்தியார் (ஓய்வு) கேட்டது:

எனக்கு அறுபத்து நாலு, வீட்டுக்காரிக்கு ஐம்பத்தெட்டு. செப்டம்பர் முதல் வாரம் மகள் வீட்டுக்குப் போகிறோம். அவள் இருப்பது ஸ்காட்லாந்தில், பெர்த் ஊருக்குப் பக்கம். ஆறு மாச விசா. பகலில் பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாயங்காலமானால் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம் என்று மகளுக்குப் பயம். பக்கத்துச் சர்ச் ஹாலில் வாரம் ஒரு ராத்திரி 'ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ்' கிளப் நடக்கிறதாம், சேர்த்துவிடுகிறேன் என்கிறாள்.

நான் கணக்கு வாத்தியார். தாளத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. வீட்டுக்காரி சின்ன வயசில் கும்மி அடித்தவள், அவளுக்கு ஆசைதான். ஆனால் அடுத்த ஆம்பிளை கையைப் பிடிக்கணுமோ என்று கேட்கிறாள். யூடியூபில் தேடினால் ஒரு பெண் குறுக்கே போட்ட இரண்டு வாளுக்கு மேல் குதிக்கிறாள். இந்த முட்டியை வைத்துக்கொண்டு இதெல்லாம் ஆகுமா? அங்கே இருந்தவர்கள் யாராவது விவரம் சொல்லுங்கள்.

அம்பை நர்ஸக்கா:

சார், வாளுக்கு மேல குதிக்கிறது ஹைலண்ட் ஆட்டம். ஒத்தையில ஆடுதது, பெரும்பாலும் போட்டிக்கு, சின்னப் பிள்ளைக கூட்டம். உங்க மக சொல்லுதது வேற. இது கூடி ஆடுதது. நான் டண்டீ ஆஸ்பத்திரியில வேலை பாத்த காலத்துல பக்கத்துச் சின்ன ஊர் கிளப்ல ஆடிக்கிட்டிருந்தேன். இப்ப அம்பாசமுத்திரத்துல இருக்கேன்.

மொதல்ல எப்படி நிக்கணும்னு சொல்லுதேன், அது புரிஞ்சா பாதிப் பயம் போயிரும். ஆம்பிளைக ஒரு வரிசை, எதுக்க பொம்பளைக ஒரு வரிசை. நாலு ஜோடி சேந்தா ஒரு 'செட்'. பாட்டோட மொதச் சத்தத்துக்கு ஆம்பிளை குனிவாக, பொம்பளை முட்டிய மடக்குவாக. மேல நிக்க ஜோடி ஆடத் தொடங்கும். சாதாரணமா 32 பார், அதாவது 32 தாளச் சுத்து, முடியும்போது அவுக ரெண்டாம் எடத்துக்கு வந்திருப்பாக. அங்கேருந்து இன்னொரு தரம் ஆடிட்டுக் கீழ போயிருவாக, அடுத்த ஜோடி மேல. இப்படி நாலு ஜோடிக்கும் எட்டுத் தரம். நீங்க கணக்கு வாத்தியார்ங்கீக, இது முழுக்கக் கணக்குதான் சார். தாளம் பொறவு தன்னால வரும்.

இனி வருசம். நம்ம ஊர்ல புரட்டாசி பொறக்கப்போற நேரம், செப்டம்பர்ல, கிளப் கதவத் தொறப்பாக. மொத நாள் பெரும்பாலும் காசு வாங்க மாட்டாக. புது ஆளைப் புது ஆளோட நிறுத்த மாட்டாக, பழைய ஆளுக்குப் பக்கத்துல சொருகிருவாக. ஆட்டம் தொடங்குமுன்ன இசை இல்லாம ஒரு தரம் நடந்து காட்டுவாக. மொத மாசம் முழுக்கக் காலடிதான்: ஓடுத ஆட்டத்துக்கு ஒண்ணு, நின்ன எடத்துல துள்ளுததுக்கு ஒண்ணு. ரீல், ஜிக்னு ரெண்டு ஆட்ட வகை, ரெண்டும் வெரசா போகும். ஸ்ட்ராத்ஸ்பேன்னு மெதுவா ஒண்ணு இருக்கு, அது ஸ்காட்லாந்துக்கே உரியது. பாக்க லேசா இருக்கும், கெண்டைக்கால் கழண்டுரும்.

நவம்பர்ல பொழுது சுருங்க ஆரம்பிச்சிரும். டிசம்பர் நடுவுல நாலு மணிக்கு முன்னாலயே இருட்டிரும். அந்த மழையில, அந்த ஊதக்காத்துல வெளிய கெளம்பணுமான்னு தோணும். கெளம்பிருங்க. நைட் ட்யூட்டி இல்லாத ராத்திரிய நான் அந்த ஹாலுக்குன்னே ஒதுக்கி வச்சேன், இல்லன்னா டிசம்பர்ல எனக்குக் கோட்டி பிடிச்சிருக்கும். நவம்பர் 30 புனித அந்திரேயா நாள், அதை ஒட்டி ஒரு ஆட்டம். பொறவு கிறிஸ்துமஸ் கூத்து, புது வருசத்துக்கு லீவு.

ஜனவரி 25 ராபர்ட் பர்ன்ஸ் கவிஞர் பொறந்த நாள், 1759-ல பொறந்தவர். அன்னைக்கி எங்கயும் விருந்துதான். ஹாகிஸ்னு ஆட்டு ஈரல், இருதயம், நுரையீரலோட ஓட்ஸ் போட்டு வேகவச்சது, அதை பேக்பைப்னு பை வச்ச ஊதுகுழல ஊதிக்கிட்டே தூக்கியாருவாக, ஒருத்தர் அதுக்கு முன்னால நின்னு அவர் கவிதையச் சொல்லி கத்தியால கீறுவார். சைவத்துக்குத் தனியா உண்டு, பருப்பும் காயும் ஓட்ஸும் போட்டது, கூச்சப்படாம முன்னாடியே சொல்லிருங்க.

அதுக்குப் பொறவுதான் கிளப் உசுரோட இருக்கிறது தெரியும். மாசி, பங்குனி வாக்குல எங்களுக்கு வருசாந்திர 'பால்', பெரிய ஆட்ட ராத்திரி. அக்கார்டியன், பிடில், ட்ரம்ஸ்னு ஆளு வந்து வாசிப்பாக. மத்த நாளெல்லாம் பொட்டியில ஓடுத பாட்டுதான், ஆளுக்கு ஒவ்வொரு வாரமும் கூலி குடுத்துக் கட்டுபடியாகாது. அன்னைக்கி ஆடப்போற ஆட்டத்தோட பட்டியல் முன்னாலயே வந்திரும், ஒவ்வொண்ணுக்கும் சுருக்கக் குறிப்பு கெடைக்கும். பழைய ஆளுக பையில கைக்கடக்கமா ஒரு பச்சைப் புஸ்தகம் வச்சிருப்பாக, ஆட்டத்த எழுத்துல சொல்லாம கோட்டுப் படமாப் போட்டிருக்கும். அன்னைக்கி நடந்து காட்ட மாட்டாக, ஒரு தரம் வாயால வாசிச்சிட்டு இசையப் போட்டிருவாக. அதனால மாசி மாசம் கிளப்ல ஒரே நெருக்கடி. ஜனவரிக்கு மேல புதுசா சேர வந்தா உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது. செப்டம்பர்ல போறீக, அதான் நல்லது.

வீட்டம்மா கேட்டதுக்கு: கை குடுப்பாக, அம்புட்டுதான், கட்டிப்பிடிக்கிறது கெடையாது. ஆனா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜோடி மாறணும், புருசன் கூடவே ராத்திரி பூரா ஆடுதது அங்க மரியாதை இல்ல. பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க, எந்த கிளப்லயும் ஆம்பிளை பத்தாது. எங்க ஹால்ல பாதி 'ஆம்பிளை' எழுபது வயசுப் பாட்டிகதான். பொம்பளை பொம்பளை கூடவே ஆடலாம், ஒருத்தரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக.

நடுவுல டீ. அதுக்கு முறை போட்டிருப்பாக, உங்க முறை வரும்போது கேக் கொண்டு போகணும். நான் ஊர்லேருந்து வரும்போது தூத்துக்குடி மக்ரூன் கொண்டு போவேன். அங்கயும் மக்ரூன்னு ஒண்ணு உண்டு, உருளைக்கெழங்கையும் சீனியையும் பெசைஞ்சு சாக்லேட்ல முக்கித் தேங்காய்ப்பூ தூவினது. நம்மளோடது முந்திரின்னு சொன்னதும் டப்பா காலி.

ஏப்ரல், மே வாக்குல பொதுக்குழு. அதை நீங்க பாக்க மாட்டீக, குடுத்து வச்சவரு. செயலாளர் யார், பொருளாளர் யார்னு கேட்ட உடனே ஹால்ல அத்தனை பேரும் ஷூ லேஸக் கட்டக் குனிஞ்சிருவாக. நம்ம ஊர்க் கொடைக்குத் தலக்கட்டு வரி பிரிக்க ஆள் தேடுத கதைதான். ஹால் வாடகை ஏறிருச்சு, சந்தா ஏத்தலாமா, சின்ன வயசு ஆளுக ஏன் வரல, இதே மூணு பேச்சு. கடைசில போன வருசத்து ஆளே 'இந்த ஒரு வருசம் மட்டும்'னு ஒத்துக்கிடுவாக. மே முடிய ஹாலப் பூட்டிட்டா ஆகஸ்டு வரை ஒண்ணும் கெடையாது. நான் அப்பதான் லீவு போட்டுக் குத்தாலம் சாரலுக்கு வந்திருவேன்.

தூத்துக்குடி கப்பக்காரன்:

வாத்தியார் சார், நர்ஸக்கா சொல்றதக் கேட்டா பரிச்சைக்குப் போற மாதிரி இருக்கு. நான் அபர்டீன்ல எண்ணெய்க் கம்பெனி வேலையில இருந்தேன். அங்க 'கேய்லி'ன்னு ஒண்ணு உண்டு, கல்யாண வீட்டுல, பப்புல, எங்கயும். ஒருத்தர் மைக்குல சொல்லச் சொல்ல ஆடணும், தப்பா ஆடுனாத்தான் சிரிப்பே. சந்தா, பச்சைப் புஸ்தகம் ஒண்ணும் வேண்டாம். இந்த கிளப்காரங்க பாதத்த நீட்டு, முதுக நிமித்துன்னு உசுர வாங்குவாங்க. எனக்கு ரெண்டு வாரத்துல போதும்னு ஆயிருச்சு.

அம்பை நர்ஸக்கா:

கப்பக்காரத் தம்பி, கேய்லியும் நல்லதுதான், நானும் போயிருக்கேன். ஆனா அது என்னைக்காவது ஒரு நாள். சாருக்கு வேண்டியது வாரா வாரம் பேர் சொல்லிக் கூப்பிட நாலு மனுசங்க. கேய்லியில பக்கத்துல ஆடுனவன் பேர் உனக்குத் தெரியுமா?

பாதத்த நீட்டச் சொல்லுதது உண்மை. 1923-ல கிளாஸ்கோல ரெண்டு பொம்பளைக, ஜீன் மில்லிகன், இசபெல் ஸ்டூவர்ட்னு, இந்த ஆட்டமெல்லாம் அழிஞ்சு போகுதேன்னு சங்கம் வச்சாக. மில்லிகன் வாத்தியாரம்மாக்களப் பழக்குத காலேஜுல உடற்பயிற்சி சொல்லிக் குடுத்தவுக, அந்தக் கண்டிப்பு இன்னைக்கும் போகல. 1951-ல சங்கத்துக்கு 'ராயல்' பட்டம் கெடைச்சுது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல 1927-லேருந்து கோடைப் பள்ளி நடத்துதாக, உலகம் பூராவும் இருந்து ஆள் வரும்.

கண்டிப்ப மட்டும் பாக்காத தம்பி. ரெண்டாம் உலகப் போர்ல 51-ஆம் டிவிஷன்ங்கிற ஸ்காட்லாந்துப் பட்டாளத்து ஆளுக 1940-ல பிரான்சுல பிடிபட்டு ஜெர்மன் முகாம்ல கெடந்தாக. அங்க, பொம்பளை வாடையே இல்லாத எடத்துல, புதுசா ஒரு ரீல் கட்டுனாக. நடுவுல ஆடுதவுக குறுக்க கை கோத்து நிக்கும்போது அவுக கொடியில இருக்க பெருக்கல் குறி சிலுவை தெரியும். அதை இன்னைக்கும் எல்லா கிளப்லயும் ஆடுதாக. எங்க ஹால்ல '51-ஆம் டிவிஷன் ரீல்'னு அந்தப் பேரச் சொன்னா டீக் கப்பக் கீழ வச்சிட்டு ஓடிவருவாக.

2020 மார்ச்ல ஹாலப் பூட்டுனப்போ மடிக்கணினிய மேசையில வச்சி, நாற்காலிய ஜோடியா நிறுத்தி ஆடுனாக. கைபிடிக்க ஆளில்லாம அது ஆட்டமே இல்லதான். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் எல்லா மூஞ்சியும் திரையில வந்துது.

கல்லிடை மாமி:

ஒரு சந்தேகம் நர்ஸக்கா. எங்க அக்ரஹாரத்துல தீபாவளி கழிஞ்சு கோலாட்டம் போடுவோம். களிமண்ணுல பசுவும் கன்னும் செஞ்சு வச்சு, நித்தம் ஆடி, கடைசில ஆத்துல கொண்டு கரைப்போம். பின்னல் கோலாட்டத்துல மேலேருந்து தொங்கற கயத்த ஆளுக்கொண்ணு பிடிச்சிண்டு உள்ளேயும் வெளியேயும் பூந்து போகணும். ஒருத்தி மாறிப் போனாலும் சடை காட்டிக் குடுத்துடும். நீங்க சொல்றதுல கயறே இல்லையே, தப்புன்னு எப்படித் தெரியும்? ஆயிரக்கணக்குல ஆட்டம் இருக்காமே, எப்படி மனசுல நிக்கறது?

அம்பை நர்ஸக்கா:

மாமி, கோலாட்டம் போட்ட கால்னா உங்களுக்கு ஒரே மாசம் போதும். ஆட்டம் ஆயிரம் இருந்தாலும் துண்டு கொஞ்சந்தான். மூணு பேர் எட்டு மாதிரி ஒருத்தர ஒருத்தர் பின்னி நடப்பாக, நீங்க கயறு பின்னுத அதே நடை. நாலு பேர் கை மாத்திச் சதுரமாச் சுத்துவாக. எல்லாருமா கை கோத்து வட்டம் போயித் திரும்புவாக. இந்தத் துண்டுகள எந்த வரிசையில கோக்கதுங்கதுதான் ஒவ்வொரு ஆட்டமும். தப்பு எப்படித் தெரியும்னா, எதுக்க வாறவர் நெஞ்சுல போயி முட்டுவீக. ஆனா நின்னுரக்கூடாது. உங்களுக்கு எந்த எடம் பாக்கியிருக்கோ அங்க போயி நின்னுட்டா மத்த ஏழு பேரும் கையப் பிடிச்சி இழுத்துச் சேத்துக்கிடுவாக.

பாளை வாத்தியார் (ஓய்வு):

எட்டுத் தரம் 32 என்றதுமே எனக்கு ஆசை வந்துவிட்டது தாயி. வீட்டுக்காரி இப்போதே அடுக்களையில் நடந்து பார்க்கிறாள். முட்டிக்கும் உடுப்புக்கும் மட்டும் சொல்லிவிடுங்கள். செருப்பு இங்கிருந்தே வாங்கி வரலாமா?

அம்பை நர்ஸக்கா:

முட்டிக்கு முன்னால கெண்டைக்காலும் குதிகால் நரம்பும்தான் நோகும் சார், முன்பாதத்துல நிக்கிறதால. தொடங்குமுன்ன உடம்பச் சூடு பண்ணச் சொல்லுவாக, அதுக்குப் பிந்திப் போகாதீக. துள்ள முடியலன்னா அந்தக் காலடிய நடந்தே போடுங்க, யாரும் குறை சொல்ல மாட்டாக. ரெண்டு ஆட்டம் ஆடி ஒண்ணுக்கு உக்காருங்க. பிரஷர் மாத்திரை சாப்பிடுதீகன்னா மொத நாளே சொல்லித்தாரவுக கிட்டச் சொல்லிருங்க.

வீட்டம்மாவுக்குச் சேலை வேண்டாம், கொசுவம் கால்ல மாட்டும். முட்டி வரைக்கும் உள்ள சுடிதார் போதும். உங்களுக்கு கில்ட்ங்கிற கட்டம் போட்ட பாவாடை எல்லாம் வேண்டாம், பேன்ட் போட்ட ஆம்பிளைக நெறைய உண்டு. ஸ்வெட்டரக் கழட்டி வைக்கிற மாதிரி போடுங்க, ரெண்டாவது ஆட்டத்துல வேத்துரும்.

இங்க ஷூ வாங்காதீக. ரப்பர் அடி மரத்தரையில பிடிச்சிக்கிடும், பாதம் நிக்கும், முட்டி மட்டும் திரும்பும், பொறவு நான்தான் கட்டுப் போடணும். அங்க 'கில்லி'ன்னு மெல்லிசுத் தோல் ஷூ உண்டு, குதி இல்லாதது, குறுக்க கயிறு கட்டுதது. கையுறை மாதிரி இறுக்கமா இருக்கணும், அதனால போட்டுப் பாத்துதான் வாங்கணும். பல கிளப்ல பழைய ஜோடிகள ஒரு பெட்டியில போட்டு வச்சிருப்பாக. மொத ராத்திரியே கேளுங்க.