பொருள்: மறு: ‘கொடையாளர் தக்கவைப்பு’ சரியா? (சுங்கை சிப்புட் நிதிக்குழுக் கையேடு)

> ‘ரிட்டென்ஷன்’, ‘ஸ்டூவர்ட்ஷிப்’ இரண்டுக்குமே ‘தக்கவைப்பு’ என்று போட்டுவிடலாமா?

வணக்கம் ஐயா. வேண்டாம். ‘ரிட்டென்ஷன்’ என்பது கொடுத்தவர்களில் எத்தனை பேர் மறுபடி கொடுக்கிறார்கள் என்ற எண்; ‘ஸ்டூவர்ட்ஷிப்’ என்பது கொடுத்தவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை.

சென்ற ஆண்டு கொடுத்த 120 பேரில் 54 பேர் இந்த ஆண்டும் கொடுத்தால் 45 விழுக்காடு. இதற்கு ‘நீடிப்பு விகிதம்’ போதும். புதிதாக வந்த 30 பேரை அதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் 84 பேர், 70 விழுக்காடு ஆகிவிடும். 66 பேர் போனது கண்ணுக்கே தெரியாது.

ஸ்டூவர்ட்ஷிப் வேலைக்கு ‘கொடையாளர் பேணல்’ என்பேன். ‘தக்கவைப்பு’ என்பதில் ஆளைக் கட்டிப்போடும் வாடை அடிக்கிறது; ‘பேணல்’ என்றால் பொறுப்பு நம் பக்கம். இரண்டு நாளில் ரசீது. பணம் செலவானதும் எதற்குப் போனது என்று படத்தோடு நாலு வரி, அதுவும் அடுத்த வசூலுக்கு முன்பே. பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாவதுதான். டியூஷன் வகுப்புக்கு 50 வெள்ளி கொடுத்தவருக்கு அடுத்து நம்மிடமிருந்து வருவது மறு வசூல் கடிதம்!

கியூஆரில் போடுபவரின் பெயர் வங்கிக் கணக்கில் வரும், தொலைபேசி எண் வராது. கியூஆர் அட்டைக்குக் கீழே ‘ரசீதுக்கு’ என்று குழுவின் புலன (வாட்ஸ்அப்) எண்ணை அச்சிடுங்கள். மலேசிய வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் உள்ள (கொடுத்தவர் வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய) அமைப்பானால் ஆண்டு மொத்தக் கணக்கை ஜனவரியிலேயே அனுப்பலாம். சம்பளக்காரர்கள் பிஇ என்ற வருமான வரிப் பாரத்தை ஏப்ரல் 30க்குள் முடிக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத அமைப்பு ரசீதில் ‘வரிவிலக்கு’ என்று போடவே கூடாது.

> தோட்டத்துக் கோயில்களில் ‘உபயதாரர்’ உண்டே. அதையே எடுத்தால்?

நல்ல சொல்தான். அப்பாவுக்குப் பின் மகன் அதே நாள் உபயத்தை ஏற்பது சும்மா நடப்பதில்லை. திருவிழாவுக்கு முன் நோட்டீஸ் வீடு தேடிப் போகிறது, அன்று பெயர் சொல்லி அர்ச்சனை, மாலை மரியாதை. பேணல் என்பதே அதுதான். ஆனால் பள்ளி நூலகத்துக்கு அலமாரி வாங்கித் தரும் சீனக் கடைக்காரரை ‘உபயதாரர்’ என்றால் பொருந்தாது. கையேட்டில் எடுத்துக்காட்டாக இருக்கட்டும்.

பதிவேட்டையும் கவனியுங்கள். தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பம் ஜொகூருக்குப் போயிருக்கும். முகவரியில் இன்னும் பழைய தோட்டத்து வரிசை வீடான ‘3ஆம் லயம்’ என்றே இருக்கும். கடிதம் திரும்பி வந்தால் பெயரை அடித்துவிடாமல் பிள்ளைகளின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கொடுப்பதை நிறுத்தியவருக்கு ‘இடைநின்றவர்’ வேண்டாம், பள்ளியை விட்ட பிள்ளை நினைவுக்கு வரும். ‘விடுபட்ட கொடையாளர்’ என்றால் விட்டது நாமா அவரா என்று யோசிக்க வைக்கும். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.