புதுப்பிப்பு: கேபிள் இரண்டு, ஓடுவது ஒன்று

செங்கோட்டை மரக்கிடங்கில் இரு நெட்வொர்க் சுவிட்சுகளுக்கு இடையே இரண்டு கேபிள்களை ஒரே கட்டாக இணைத்தும், ஒன்றின் விளக்கு ஆரஞ்சு நிறத்திலேயே நிற்பதாக முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. இரு முனைகளிலும் எல்ஏசிபி (கேபிள்களைக் கட்டாக்க சுவிட்சுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறை) ‘பாசிவ்’ நிலையில் இருந்ததால், மறுமுனை முதலில் பேசட்டும் என்று இரண்டுமே காத்திருக்க, கட்டு உருவாகாமல், தரவு சுற்றிச் சுற்றி வரும் வளையத்தைத் தவிர்க்க, சுவிட்சின் ஸ்பானிங் ட்ரீ என்ற காப்பு முறை ஒரு கேபிளை அடைத்துவைத்திருந்தது. ஒரு முனையை ‘ஆக்டிவ்’ ஆக்கியதும் இரண்டும் பச்சையாயின.

பில்லிங்குக்கான விலான் 10 (விலான் என்பது சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்), கேமராவுக்கான விலான் 20 இரண்டையும் தனித்தனி போர்ட்டுகளில் அல்லாமல் கட்டு முழுவதற்குமான போர்ட்-சேனலிலேயே டிரங்காக (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பாக) அனுமதித்தேன். கட்டில் சேர்ந்த உறுப்புப் போர்ட்டுகளின் அமைப்பு வேறுபட்டால் கட்டு நிலைக்காது.

கேமராப் பதிவை நகலெடுக்கும் வேகம் ஏன் இரட்டிக்கவில்லை என்று கிடங்கு அண்ணாச்சி கேட்கிறார், நியாயமான கேள்விதான். ஆனால், அனுப்பும், பெறும் கருவிகளின் முகவரிகளைக் கொண்டு சுவிட்ச் பாதையைத் தேர்வதால் ஒரே நகலெடுப்பு ஒரே கேபிளில்தான் போகும்.