அம்மாவுக்கு பிபி 168/62. கீழ் நம்பர் மட்டும் ஏன் இறங்குகிறது?

தேனிக்காரன்:
அம்மாவுக்கு 72 வயது. 50 வயதில் 140/90 இருந்ததாகப் பழைய நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். இந்த வாரம் வீட்டு மெஷினில் மூன்று காலையும் பார்த்தேன்: 168/62, 172/64, 166/60. பக்கத்து வீட்டு மெஷினும் அதையேதான் காட்டுகிறது. கொலஸ்ட்ரால் நார்மல், அப்படியானால் அடைப்பு இல்லைதானே? டாக்டரைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

உடலியல் வாத்தி:
அடைப்பு வேறு, விறைப்பு வேறு. கொழுப்பு படிவது ரத்தக்குழாயின் உள்சுவரில். அம்மாவின் கதை பெரும்பாலும் நடுச்சுவரில். அங்கே எலாஸ்டின் என்ற, ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும் நார்கள் அடுக்கடுக்காக இருக்கும். கருவிலும் சிறுவயதிலும் நெய்ததோடு சரி, அப்புறம் உடல் புதிதாகச் செய்வது அநேகமாக இல்லை. இதயம் நாளுக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது; 72 வருடத்தில் 260 கோடி. அத்தனை தடவை இழுபட்ட நார் இற்றுப்போகாதா? அந்த இடத்தில் கொலாஜன் என்ற வேறு நார் சேர்கிறது, அது லேசில் நீளாது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இன்னும் இறுகும்.

பம்பு மெக்கானிக்:
நான் பிரஷர் பம்ப் மாட்டுகிறவன். பக்கத்தில் ஒரு சின்ன டேங்க், உள்ளே ரப்பர் பை இருக்கும். பம்ப் தள்ளும்போது பை உப்பித் தண்ணீரை வாங்கிக்கொள்ளும், நின்றதும் திருப்பிக் கொடுக்கும். பை கிழிந்த வீட்டில் கேஜ் முள்ளைப் பாருங்கள்: ஓடும்போது எகிறும், நின்றதும் பொத்தென்று விழும். வாத்தியார் சொல்வது இதுதானே?

உடலியல் வாத்தி:
இதேதான்! 1733இலேயே ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ரத்தக்குழாயைத் தீயணைப்பு எந்திரத்தின் காற்றறையோடு ஒப்பிட்டார். 1899இல் ஆட்டோ ஃபிராங்க் என்ற ஜெர்மன் உடலியலாளர் அதைக் கணக்காகவே எழுதினார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான பெருநாடி உப்பிப் பிடித்து வைத்த ரத்தம்தான் இதயம் ஓயும் நேரத்தில் கீழ் நம்பரைத் தாங்குகிறது. தேனிக்காரரே, மேல் நம்பருக்கு மருந்து கொடுத்தால் கீழதும் கூடவே இறங்கும். டாக்டர் மெல்ல ஏற்றினால் அவசரப்படுத்தாதீர்கள். நின்றால் பிபி விழுகிறதா என்று தெரிய, அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒருமுறை பாருங்கள், பக்கத்திலேயே நின்றுகொண்டு.

தேனிக்காரன்:
பார்த்தேன். உட்கார்ந்து 170/62, நின்று 1 நிமிடத்தில் 142/56. "கட்டில்ல இருந்து எழுந்தா கிறுகிறுங்கும், வயசானா அப்படித்தானேடா" என்கிறார். இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டையும் அதே நோட்டில் எழுதிவிட்டேன். டாக்டரை நாளைக்கே பார்க்கப் போகிறோம்.