ஆன்செலாட்டியின் அணிகள்: கவனித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கால்பந்துப் பயிற்சியாளர் கார்லோ ஆன்செலாட்டியைப் புரிந்துகொள்ள அவர் கைநழுவவிட்ட இரண்டு பேரிடமிருந்து தொடங்குவதுதான் சரி. ஆன்செலாட்டி 1987-இல் மிலானுக்கு வந்து பயிற்சியாளர் அரிகோ சாக்கியிடம் ஆடியவர்; 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளை வென்ற அணியின் நடுக்கள வீரர். 1994 உலகக் கோப்பையில் சாக்கிக்கே உதவிப் பயிற்சியாளர். அதனால் 1996-இல் பார்மாவுக்குப் பயிற்சியாளராகப் போனபோது அவர் நம்பியது சாக்கியின் 4-4-2 ஒன்றைத்தான். பின்னால் நான்கு தடுப்பு வீரர்கள், நான்கு நடுக்கள வீரர்கள் ஒரே வரிசையில் நிற்க, இருவர் முன்னால். முன்கள வீரர்களுக்குப் பின்னால் நடுவே உலவி ஆட்டத்தை உருவாக்கும் பத்தாம் எண்காரருக்கு அங்கே இடமில்லை. அப்படிப்பட்ட சோலாவை இடது ஓரத்தில் நிறுத்தினார். அவர் நவம்பரிலேயே செல்சீக்குப் போய்விட்டார். 1997-இல் இன்னொரு பத்தாம் எண்காரரான பாஜியோ வரத் தயாராக இருந்தும் வேண்டாமென்றார். பாஜியோ போலோனாவில் அந்த சீசன் 22 லீக் கோல் அடித்தார். தான் செய்தது தவறு என்று பின்னாளில் ஆன்செலாட்டியே ஒப்புக்கொண்டார். யுவென்டஸில் ஜிடானுக்காக, பத்தாம் எண்காரருக்குத் தனி இடமுள்ள 3-4-1-2-க்கு மாறியது இந்தப் பாடத்துக்குப் பிறகுதான்.

*

பாஜியோ பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். நடுக்கள வீரர் பிர்லோவைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் இறக்கிய பெருமையை எல்லோரும் ஆன்செலாட்டிக்குத் தருகிறார்கள். அவருக்கு முன்பே, 2001-இல் பிர்லோ கடனில் ஆடிய பிரெஷ்யாவில் பயிற்சியாளர் மட்ஸோனே அதைச் செய்துவிட்டார். அங்கே பத்தாம் எண் இடத்தில் இருந்தவர் யார்? அதே பாஜியோ!

ஆன்செலாட்டியின் வேலை, அந்தப் பிர்லோவைச் சுற்றி மிலானைக் கட்டியது. பிர்லோவுக்கு வேகமும் இல்லை, பந்தைப் பறிக்கும் பலமும் இல்லை. அதனால் வலப்பக்கம் ஓடித் தீர்க்க கட்டூசோ, இடப்பக்கம் பந்தைக் காத்துவைக்க சீடோர்ஃப், நால்வரும் வைர வடிவில் நிற்க, அதன் உச்சியில் ரூய் கோஸ்டா. 2003 சாம்பியன்ஸ் லீக் வந்தது இப்படித்தான். இந்த அமைப்பின் பலவீனம் ஓரங்கள். அங்கே ஃபுல்பேக் (ஓரத் தடுப்பு வீரர்) மட்டும்தான். எதிரணி இருவராக வந்தால் கட்டூசோவோ சீடோர்ஃபோ வெளியே நகர வேண்டும். உடனே பிர்லோ நடுவில் தனியாள்.

*

2005 சாம்பியன்ஸ் லீக்கின் இஸ்தான்புல் இறுதியை இரண்டாம் பாதியிலிருந்து மறுபடி பாருங்கள். மிலான் 3-0 முன்னிலை. லிவர்பூல் பயிற்சியாளர் பெனிடெஸ் ஒரு ஃபுல்பேக்கை வெளியே எடுத்து நடுக்கள வீரர் ஹாமனை இறக்கி, பின்னால் மூவரை நிறுத்தினார். மிலானின் காக்கா திரும்பி ஓடிய இடம் அடைபட்டது, லிவர்பூலின் ஜெரார்டுக்கு மேலே ஏற வழி கிடைத்தது. 54, 56, 60-ஆவது நிமிடங்களில் லிவர்பூலுக்குக் கோல். பிறகு பெனால்டியில் மிலானுக்குத் தோல்வி.

2007 ஏதென்ஸ் இறுதியில் மறுபடி அதே லிவர்பூல். இம்முறை முன்கள வீரர் ஒருவர் குறைவு, நடுக்களத்தில் அம்ப்ரோசினி கூடுதல். பிர்லோவின் இரு பக்கமும் காவல், இன்சாகிக்குப் பின்னால் காக்காவும் சீடோர்ஃபும். 2-1, இன்சாகிக்கு இரண்டு கோல். என் கணக்கில் ஆன்செலாட்டியின் பயிற்சி வாழ்க்கையின் மிக நுட்பமான திருத்தம் இதுதான்.

*

ஆன்செலாட்டியின் ரியல் மாட்ரிட் காலத்தையும் பார்க்க வேண்டும். 2013-இல் பேல் வந்ததும் டி மரியாவுக்கு ஓரத்தில் இடமில்லை. அவரை வெளியே உட்காரவைக்காமல், நடுக்களத்தின் இடப்பக்கம் கொண்டுவந்தார். ரொனால்டோ பின்னால் ஓடி வராத குறையை டி மரியாவின் நுரையீரல் ஈடுகட்டியது. 2014 லிஸ்பன் இறுதியில் பேலின் கோலுக்கு முன் இடது ஓரத்தில் ஆட்களைத் தாண்டிப் போனவர் அவர்தான். அந்தக் கோடையில் அவரை விற்றார்கள். மறு சீசனில் லீக்கும் இல்லை, சாம்பியன்ஸ் லீக்கும் இல்லை.

2023-இல் முன்கள வீரர் பென்சிமா ரியலைவிட்டுப் போனபோது, வினிசியஸ், ரோட்ரிகோ இருவரையும் முன்னால் அகல விரித்து, காலியான நடுவில் பெல்லிங்ஹாமை ஓடவிட்டார். லீக்கில் 19 கோல். சோலாவுக்குக் கொடுக்காத இடம் அது. ஆனால் பந்து எதிரணியிடம் போனால் பெல்லிங்ஹாம் பெரும்பாலும் இடது ஓரத்துக்கு ஓடிவிடுவார். எண்ணிப் பாருங்கள், பின்னால் நான்கு, நடுவில் நான்கு, முன்னால் இரண்டு.