டெலிரியத்துக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

அன்பர்களே, முதியோர் வார்டில் துணைக்கு இருக்கும் உறவினருக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டிமென்ஷியாவுக்கு 'மறதி நோய்' போட்டாயிற்று. உடம்பு சரியில்லாதபோது திடீரென்று புத்தி தடுமாறும் டெலிரியத்துக்கு அகராதியில் 'சன்னி', 'பிதற்றல்' கிடைக்கின்றன. எது சரி?
— மொழிபெயர்ப்பவர், சென்னை

இரண்டும் வேண்டாம். ஜன்னி என்றால் வலிப்பு என்று நினைப்பார்கள். பிதற்றாதவர்களைத்தான் நாங்கள் கோட்டை விடுகிறோம். போன வாரம் இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த ஒரு பாட்டி, போர்வை நூலைப் பிடுங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தார். "அசதி, தூங்கட்டும்" என்றார் மகள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். சனி, வெள்ளியோடு நின்றுவிட்டார். பார்த்தால் சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்து, மூக்குக் கண்ணாடியையும் மாட்டிவிட்டோம். நாலாம் நாள் பேத்தியைப் பெயர் சொல்லித் திட்டினார். மறதி நோய் வருடக்கணக்கில் ஊர்ந்து வருவது. இது ஒரே ராத்திரியில் வரும். காலையில் தெளியும், மாலையில் கலங்கும்.
— மருத்துவர், மதுரை

லத்தீனில் 'லிரா' என்றால் உழவுசால். சாலை விட்டு ஏர் விலகுவதே டெலிரியம். ஆகவே 'சால்பிறழ்வு' என்க. 'சால்பு'ம் இவ்வேரினதே என்பது என் துணிபு. தனி மடல் எழுதுகிறேன். கடினமெனில் 'மருள்'. 'மருள்நீங்கி மாசறு காட்சி யவர்க்கு' (குறள் 352). நீங்கக்கூடியது என்பதும் அதிலேயே வந்துவிட்டது.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, எங்கள் பக்கம் மருளாளி என்றால் சாமியாடுபவர். திருநீறு பூசிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், நர்ஸைக் கூப்பிட மாட்டார்கள்.
— சேலம்

டிமென்ஷியாவுக்கு எங்கட ஊரில "அறளை பேந்திட்டுது" எண்டு சொல்லுவம். 'மறதி நோய்' எண்டால், வீட்டுக்கு வழி தெரியாமல் நிக்கிறதும் மகளையே கள்ளி எண்டு சந்தேகப்படுறதும் எதுக்குள்ள அடங்கும்? அதையும் மாத்துங்கோ.
— யாழ்ப்பாணம்

தயவுசெய்து அதைக் கிளறாதீர்கள், இன்று புதன்! 'திடீர் மனக்குழப்பம்' என்று போடுகிறேன்.
— சென்னை

மனக்குழப்பம் என்றால் குடும்பக் கவலை என்று எடுத்துக்கொள்வார்கள். 'திடீர்க் குழப்பம்' போதும். பக்கத்திலேயே டெலிரியம் என்றும் எழுதுங்கள். கேஸ் ஷீட்டில் அதுதான் இருக்கும்.
— மதுரை

சரி, அப்படியே அனுப்பிவிட்டேன். நாலு பேர் ஒப்புதல்.
— சென்னை

'திடீர்' வெறும் ஒலிக்குறிப்பு, நோய்ப்பெயருக்கு ஆகாது. என் வாக்கு மருளுக்கே. சால் பற்றிய மடல் முடிந்தது, பதினோரு பக்கம், இணைத்துள்ளேன்.
— தஞ்சாவூர்