காதல் தாயத்துக்காகக் கொல்லப்படும் ரீங்காரச் சிட்டுகள்: சட்டம் இருந்தும் வணிகம் நிற்காதது ஏன்?

தென்றல்:
மெக்சிகோவில் இறந்த ரீங்காரச் சிட்டை (ஹம்மிங்பேர்ட்) தாளில் வைத்துச் சிவப்பு நூலால் சுற்றி, ஒரு பிரார்த்தனையையும் சேர்த்துக் காதல் கைகூடும் தாயத்தாக விற்கிறார்கள் என்றும், அது அமெரிக்காவுக்கும் கடத்தப்படுகிறது என்றும் படித்தேன். இரு நாடுகளிலும் இப்பறவைக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கும்போது இவ்வணிகம் எவ்வாறு நீடிக்கிறது? காய்ந்து சுருங்கிய உடலைக் கொண்டு அது எந்த இனம் என்று நீதிமன்றத்தில் எப்படி நிறுவுகிறார்கள்? பண்ணையில் வளர்த்து விற்க அனுமதித்தால் காட்டுப் பறவைகள் தப்பிக்காதா?

வழக்காடி:
சட்டத்தில் குறை அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவின் வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டம் 1918இல் வந்தது. மெக்சிகோவுடனான உடன்படிக்கை 1936இல் கையெழுத்தானது. உரிய அனுமதியின்றி இப்பறவையைக் கொல்வது மட்டுமல்ல, கீழே கிடந்த இறகையோ கூட்டையோ எடுத்து வைத்திருப்பதும் அமெரிக்காவில் குற்றம்தான். தெரிந்தே விற்றால் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் ரீங்காரச் சிட்டுக் குடும்பம் முழுவதும் இருப்பதால், ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டும் ஒவ்வொன்றும் கடத்தல் பொருளே.

தடுமாற்றம் அமலாக்கத்தில் இருக்கிறது. சில கிராம் எடையுள்ள காய்ந்த உடல் ஒரு சாதாரணத் தபால் உறைக்குள் அடங்கிவிடும். தந்தத்தைப் போல எடையும் பருமனும் காட்டிக்கொடுக்காத சரக்கு இது. பிடிபடுபவரும் பெரும்பாலும் கடைசிக் கைக்காரரான சில்லறை விற்பனையாளராகவே இருப்பார். பறவையைப் பிடித்தவரோ இடைத்தரகரோ அவ்வழக்கில் தென்படுவதே இல்லை.

இறகாய்வு:
இனத்தை அறிவது பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆரிகன் மாநிலம் ஆஷ்லாந்தில் அமெரிக்க மீன், வனவிலங்குப் பணித்துறையின் தடய அறிவியல் ஆய்வகம் இயங்குகிறது. இத்தகைய ஆய்வகங்களில் பறிமுதல் செய்யப்பட்ட உடலை அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்த பறவை மாதிரிகளோடு ஒப்பிட்டு, அலகின் நீளம், வால் இறகுகளின் வடிவம், தொண்டை இறகுகளின் நிறம் ஆகியவற்றை அளந்து முடிவுக்கு வருகிறார்கள். உடல் காய்ந்தாலும் நிறம் அநேகமாக மங்காது. காரணம், தொண்டையின் அந்தப் பளபளப்பு சாயத்தால் மட்டும் வருவதன்று. இறகின் நுண்கிளைகளுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெலனின் என்ற நிறமித் தகடுகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. ஒரு கோணத்தில் கறுப்பாகத் தெரியும் இறகைச் சற்றே சாய்த்தால் தீக்கங்கு போலச் சிவக்கும். தாயத்து வாங்குபவரைக் கவர்வதும் ஒருவேளை இந்த மினுக்கம்தானோ என்னவோ!

இனம் தெரிவது வழக்குக்கு மட்டும் பயன்படுவதில்லை. மெக்சிகோவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட ரீங்காரச் சிட்டு இனங்களில் சில பரவலானவை. ஆனால் குரேரோ மாநிலத்தின் ஒரு சிறிய மலைப்பகுதியில் மட்டுமே வாழும் குறுங்கொண்டைச் சிட்டு மிக அருகிவிட்ட இனம். அதில் சில பறவைகள் குறைந்தாலும் பெரும் இழப்பு.

மலைநாடன்:
பண்ணை யோசனை நடைமுறைக்கு ஒவ்வாது. இப்பறவை பகல் முழுவதும் சிறு இடைவெளிகளில் தேன் குடித்தபடி இருக்க வேண்டும்; புரதத்துக்காகச் சிறு பூச்சிகளும் வேண்டும். ஓர் ஈட்டில் பெரும்பாலும் இரண்டே முட்டைகள். குஞ்சுகளைத் தாய் மட்டுமே வளர்க்கிறது. இவ்வளவு செலவிட்டு வளர்ப்பதைவிடக் காட்டில் பிடிப்பது மலிவு என்பதால், பண்ணை உரிமம் பெற்றவரே காட்டுப் பறவையைப் பண்ணைப் பறவை என்று காட்டி விற்கும் வழி திறந்துவிடும்.

நம் நாட்டு ஆந்தை வணிகத்தோடு இதை ஒப்பிடலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளைக் காத்தபோதிலும், தீபாவளியை ஒட்டி வடமாநிலங்களில் மாந்திரீகத்துக்காக அவை பிடிக்கப்படுகின்றன. காதுபோல் இறகு நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய ஆந்தைகளுக்கே கூடுதல் தேவை. ஆனால் அங்கே தேவை ஒரு பருவத்தில் உச்சம் பெறுவதால், அந்த வாரங்களில் சந்தைகளைக் கண்காணிக்க முடிகிறது. காதலுக்குப் பருவம் ஏது? ஆண்டு முழுவதும் வாங்குவோர் இருக்கும் பொருளை நாள் குறித்துச் சோதனையிட்டுத் தடுக்க இயலாது.

தென்றல்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் துணியாலோ மரத்தாலோ செய்த சிட்டைத் தாயத்தில் வைக்குமாறு அம்மரபைப் பின்பற்றுவோரிடமே எடுத்துச் சொல்ல முடியாதா?

மலைநாடன்:
முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் வெளியாட்கள் போய் அதை மூடநம்பிக்கை என்று இகழ்ந்தால் எதிர்விளைவுதான் உண்டாகும். ஆஸ்டெக் மக்கள் தங்கள் போர்க்கடவுளையே ரீங்காரச் சிட்டோடு சேர்த்து வணங்கியவர்கள். அந்த மதிப்பின் மீது நின்று, உயிரோடு பறக்கும் சிட்டுக்கே ஆற்றல் உண்டு என்று தாயத்து செய்பவரே சொன்னால், வாங்குபவர் கேட்பார். சிரமம் என்னவென்றால், மெக்சிகோ நகரின் சொனோரா சந்தையைப் போன்ற இடங்களில் விற்பவர்களுக்கு உண்மையான பறவை என்பதுதான் விலையை உயர்த்தும் சொல். அவர்களில் சிலரையாவது இணங்க வைக்காமல் மாற்றுப் பொருளை மட்டும் கொண்டுவந்து வைத்தால், அதைப் போலி என்று சொல்லியே அசலுக்கு விலை ஏற்றுவார்கள்.