அம்மாவுக்குத் தோலில் லூபஸ், சித்திக்குக் கிட்னியில் லூபஸ்: இரண்டும் ஒன்றா?

வண்டிப்பெரியார் மகள்:
அம்மா இங்கே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். காது மடலிலும் உச்சந்தலையிலும் காசு அளவில் தடித்த திட்டுகள். செதில் உதிர்கிறது, தலையில் அந்த இடத்தில் முடியே இல்லை. லயத்தில் சிலர் குஷ்டம் என்று சொல்லி, அம்மா தொட்ட செம்பைத் தொடுவதில்லை. தேனி மெடிக்கல் காலேஜில் தோலில் துளி எடுத்துப் பரிசோதித்து ‘டிஸ்காய்டு லூபஸ்’ என்றார்கள். கம்பத்தில் இருந்த எங்கள் சித்தி லூபஸில் கிட்னி போய், டயாலிசிஸ் செய்தும் இறந்துவிட்டார். அம்மாவுக்கும் அதேதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குமுளி அக்கா:
தங்கச்சி, முதலில் செம்பு விஷயம். லூபஸ் ஒட்டுவாரொட்டி இல்லை. குஷ்டத் திட்டு என்றால் பெரும்பாலும் அங்கே உணர்ச்சி மரத்துப் போயிருக்கும். இது உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தன் சொந்த உடம்பையே தாக்குவதால் வருவது. லயத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லுங்கள். நோயை விட அந்தப் பார்வைதான் அம்மாவை அதிகம் வாட்டும்.

வேர் ஒன்று என்றாலும் அம்மாவுடையதும் சித்தியுடையதும் வேறு வேறு வகை. டிஸ்காய்டு பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு, சில ஆய்வுகளின்படி இன்னும் கொஞ்சம் கூடுதலானவர்களுக்கு, பிறகு உடம்புக்குள்ளும் பரவலாம். ஆனால் தோல்தானே என்று விடக்கூடாது. திட்டு ஆறும்போது தழும்பாகி முடியின் வேரை அழித்துவிடும், அப்புறம் அங்கே முடி முளைக்காது. களிம்பை இப்போதே ஒழுங்காகப் போட வேண்டும்.

எனக்கு இருப்பது சித்திக்கு வந்த வகை, உடம்பின் பல உறுப்புகளையும் தாக்கும் எஸ்.எல்.இ. இது பெரும்பாலும் பெண்களுக்கு, அதுவும் பிள்ளை பெறும் வயதில் வருகிறது. காலையில் விரல் மூட்டுகள் மடங்காது, வாயில் புண், விட்டு விட்டுக் காய்ச்சல், சீப்பு நிறைய முடி. கன்னம் இரண்டும் மூக்குத்தண்டும் சிவந்தன. சிலருக்கு நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ நீர் கோக்கும், சிலருக்கு ரத்த அணுக்கள் குறையும்.

கிட்னிதான் என்னைப் பயமுறுத்தியது, ஏனென்றால் அது வலிக்கவே இல்லை. மூத்திரம் நுரைத்தது, எழுந்ததும் இமை வீங்கியிருந்தது, அவ்வளவுதான். எஸ்.எல்.இ. உள்ள பத்துப் பேரில் நாலைந்து பேருக்குக் கிட்னி பாதிக்கப்படுகிறது. மூத்திரத்தில் புரதம் போவதை வைத்துச் சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து கொடுத்துக் காப்பாற்ற முடிகிறது. அதனால் அம்மாவுக்குத் தோல் மட்டும்தான் என்று சொன்னாலும் மூத்திரப் பரிசோதனையையும் ரத்த அழுத்தத்தையும் விடாதீர்கள்.

சித்தூர் மருந்துக்கடை (பாலக்காடு):
மருந்தால் வருகிற லூபஸும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசின், டி.பி.க்கான ஐசோநயசிட் போன்றவற்றை நீண்ட நாள் சாப்பிடும் சிலருக்கு மூட்டு வலியும் காய்ச்சலும் வரும். கிட்னி அபூர்வமாகத்தான் பாதிக்கப்படும். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். அதற்காக டி.பி. மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர்தான் மாற்றித் தர வேண்டும்.

மீனாட்சிபுரம் அம்மா:
என் மகளுக்குப் பிறந்த சில வாரங்களில் கண்ணைச் சுற்றி வட்டச் சிவப்பு வந்தது. என் ரத்தத்தில் இருந்த ‘ஆன்டி ரோ’ எதிர்ப்பொருள் குழந்தைக்குப் போனதால் வந்தது என்றார்கள், சில மாதங்களில் தானாக மறைந்தது. ஆனால் அதே எதிர்ப்பொருள் சில குழந்தைகளுக்கு வயிற்றில் இருக்கும்போதே இதயத்தின் மின்னோட்டத்தைத் தடுத்துத் துடிப்பை மெதுவாக்கிவிடும், முழுத் தடையாகிவிட்டால் அது மாறாது. எனக்கு அந்த மாதங்களில் ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். லூபஸ் உள்ள பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

வண்டிப்பெரியார் மகள்:
மனசு கொஞ்சம் இறங்கியது அக்கா. அம்மா கொழுந்து எடுக்கப் போகலாமா? இங்கே பாதி நாள் மூட்டமாகத்தானே இருக்கிறது?

குமுளி அக்கா:
மூட்டத்திலும் புற ஊதாக் கதிர் வரும்மா. வெயில் பட்டால் திட்டு கிளம்பும். அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, காதையும் மூடுகிற துணி, வெயிலைத் தடுக்கும் எஸ்.பி.எஃப். 50 களிம்பு எல்லாம் வேண்டும். டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கொடுத்து, சூப்பர்வைசரிடம் ஃபேக்டரிக்குள் வேலை கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தயங்காதீர்கள்.

லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை எழுதித் தந்தால், நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, அதனால் அம்மாவின் எடையைச் சரியாகச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே ஒருமுறை கண் பரிசோதனையும் வேண்டும். ஏ.என்.ஏ. (லூபஸுக்கான ரத்தப் பரிசோதனை), மூத்திரப் புரதம் இரண்டின் ரிப்போர்ட்டும் வந்ததும் இங்கே எழுதுங்கள், தேனி டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.